அருவ ஓவியமும் அசையும் பின்னணியும்

உருவமா, உள்ளடக்கமா என்னும் வினாவை வைத்துக்கொண்டு எமது விமர்சகர்கள் நெடுங்காலமாக வாதிட்டு வந்திருக்கின்றனர். கவிதையையும் சிறுகதையையும் நாவலையும் இவ்வுரைகல்லில் உரைத்துப் பார்த்தவர்கள், எமது மக்கள் நாள்தோறும் மணிக்கணக்கிற் கண்ணுறுகின்ற ஒரு கலைவடிவத்தை மட்டும் ஏறெடுத்தும் பார்த்ததாகத் தெரியவில்லை. தொலைக்காட்சியிற் செய்தி வாசிப்பவரின் முதுகுக்குப் பின்னால் நீல ஒளிக்கோடுகள் ஓடுகின்றன. திருமண மண்டபத்தில் மணமக்களின் பெயர்களுக்குப் பின்னாற் பொன்னிறத் துகள்கள் மிதக்கின்றன. ஆலயத் திருவிழா மேடையிலும் தேர்தற் கூட்டத்திலும், ஏன், பாடசாலைப் பரிசளிப்பு விழாவிலுங்கூட, எல்.ஈ.டி. திரையில் இன்னதென்று சொல்லவியலாத வண்ண அலைகள் எழுந்தெழுந்து தணிகின்றன. அங்கே மரமில்லை, மனிதரில்லை, கதையில்லை. அசைவு மாத்திரமே உண்டு. இதனை அருவ அசைவோவியம் எனலாம். தொழில் செய்வோர் 'பேக்ரவுண்ட்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவர்.

இதனை விமர்சனத்துக்குரிய பொருளாகக் கொள்வது சிலருக்கு நகைப்பைத் தரலாம். சுவரில் ஒட்டும் பூக்காகிதத்துக்கு யாராவது மதிப்புரை எழுதுவார்களா என்று அவர்கள் கேட்பர். நியாயமான கேள்விதான். ஆயினும், இப்பூக்காகிதத்தின் பூர்வீகத்தைச் சற்றுத் துருவிப் பார்ப்போமாயின், அது மிக உயர்ந்த குடியிற் பிறந்தது என்பதும், பிறந்த நாள் தொட்டே வறுமையாலும் அதிகாரத்தாலும் அலைக்கழிக்கப்பட்டு வந்தது என்பதும் புலனாகும். உயர்குடிப் பிறந்த ஒன்று ஏவற்றொழிலுக்கு வந்தது எவ்வாறு என்பதே நாம் இங்கு ஆராய முற்படும் விடயமாகும்.

முதலாம் உலகப் போர் முடிவுற்றுச் சில ஆண்டுகளே ஆகியிருந்த ஜேர்மனியில், ஓவியத்தைக் காலத்தில் ஓடவிட வேண்டும் என்னும் வேட்கை சில கலைஞரை ஆட்கொண்டது. வால்ரர் ருற்மான் என்பவர் கண்ணாடித் தகட்டில் வண்ணந்தீட்டி, ஒவ்வொரு மாற்றத்தையும் தனித்தனியே படமெடுத்து, 1921இல் 'ஒளியாட்டம் ஓபஸ் 1' என்னும் படத்தை வெளியிட்டார். அதற்கென மக்ஸ் பட்டிங் இசை அமைத்தார். சுவீடனிற் பிறந்த விக்கிங் எக்கலிங் ஆண்டுக்கணக்கிற் சுருள் தாள்களில் வரைந்து பழகிய பின், 'மூலைவிட்டச் சிம்பொனி' என்னும் ஒரேயொரு படத்தை முடித்தார். 1925 மே மாதத்திற் பேர்லினில் நடைபெற்ற காட்சியொன்றில் அது பொதுமக்களுக்குக் காட்டப்பட்டது. அம்மாதம் முடியுமுன்னரே அவர் இறந்துபோனார்.

எக்கலிங்கின் படத்தை இன்று பார்க்கின்ற எவரும், அதில் வண்ணமில்லை, ஒலியில்லை, வெண்கோடுகளைத் தவிர வேறெதுவுமில்லை என்பதை முதலிற் காண்பர். சிறிது பொறுமையோடு நோக்கினால் வேறொன்று தெரியும். சீப்புப் போன்றதொரு வடிவம் கோடு கோடாக வளர்கின்றது. வளைவொன்று அதற்கு மறுமொழி கூறுகின்றது. முன்னது தேய, பின்னது பெருகுகின்றது. ஒரு வடிவம் தோன்றுவதற்கு முன்னர் இருந்த நிலை வேறு, தோன்றிய பின்னர் உள்ள நிலை வேறு. மனித உருவம் ஒன்றுகூட இல்லாத அப்படத்தில் நிகழ்ச்சி உண்டு. இதனை மனத்திற் கொள்ளுமாறு வாசகரை வேண்டுகின்றோம். பின்னர் இதற்கு மீள வேண்டியிருக்கும்.

எமது முகாமைச் சேர்ந்த அன்பர்களுக்கு அருவக் கலை என்றதுமே ஓர் ஐயம் எழுவதுண்டு. சமுதாயத்தை நேர்நின்று நோக்க அஞ்சுபவனே வட்டத்தையும் சதுரத்தையும் வரைகின்றான் என்பர். 1934இல் நடைபெற்ற முதலாவது சோவியத் எழுத்தாளர் மாநாட்டுக்குப் பின் உருவவாதம் என்பது குற்றச்சாட்டுப் பெயராகவே மாறிய வரலாற்றை நாம் அறிவோம். ஆனால், அதே காலத்தில் இக்கலையை மிக மூர்க்கமாக வெறுத்தவர் யார் என்பதையும் நேர்மையுள்ள விமர்சகன் எண்ணிப்பார்க்க வேண்டும். நவீன ஓவியங்களை 'இழிந்த கலை' எனப் பெயரிட்டு, மக்கள் பார்த்து எள்ளி நகையாடும்பொருட்டு 1937இல் மியூனிச் நகரிற் கண்காட்சி வைத்தோர் நாஸிகள். வட்டமும் கோடும் எவருக்கும் தீங்கிழையாத வெறும் விளையாட்டெனின், அவர்கள் அத்துணை அஞ்சியிருக்கத் தேவையில்லை.

எனினும் மறுபக்கத்தையும் மறைத்தல் தகாது. அருவக் கலையில் முன்னோடியாய் நின்ற அதே ருற்மான், பின்னாளில் நாஸி ஆட்சியின் பிரசாரப் படங்களை எடுத்தார். 1940இல் ஜேர்மன் யுத்த தாங்கிகளின் உற்பத்தியைப் புகழும் படமொன்றையும் ஆக்கி, அடுத்த ஆண்டு இறந்தார். ஆகவே உருவத்தின் புதுமை ஒருவனை முற்போக்காளனாக்கிவிடாது. அது பிற்போக்குக்குச் சான்றாகவும் அமையாது. இவ்விரண்டையும் ஒருங்கே ஏற்றுக்கொண்டு மேலே செல்வதே முறையாகும்.

இக்கலையின் முழு அவலத்தையும் ஒருவரின் வாழ்விற் காணலாம். அவர் ஒஸ்கார் ஃபிஷிங்கர். 1900இற் பிறந்து 1967இல் மறைந்தவர். பொறியியற் பயிற்சி பெற்றவர். கரித்துண்டினாற் காகிதத்தில் வரைந்து, இசையோடு இம்மியும் பிசகாமல் ஓடும் படங்களை அவர் வரிசையாக ஆக்கினார். ஹிட்லர் ஆட்சிக்கு வந்தபின் அருவப் படத்துக்குத் தணிக்கையைக் கடக்கும் வழி அடைபட்டது. அப்போது ஃபிஷிங்கர் கையாண்ட உபாயம் இக்கட்டுரையின் மையத்தைத் தொடுவதாகும். 'வட்டங்கள்' என்னும் வண்ணப் படத்தை, ரொலிராக் என்னும் விளம்பர நிறுவனத்துக்கான விளம்பரமாக அவர் உருவாக்கினார். வண்ண வட்டங்கள் ஒன்றையொன்று ஊடுருவிச் செல்ல, ஈற்றில் எல்லா வட்டத்தாரையும் இந்நிறுவனம் எட்டும் என்னும் கருத்துப்பட ஒரு வாசகம் தோன்றும். கலையென்று சொன்னாற் கதவு மூடப்படும். விளம்பரமென்று சொன்னாற் கதவு திறக்கும். சிகரெட்டுகள் அணிவகுத்து நடக்கும் மூராற்றி விளம்பரப் படத்தையும் 1934இல் அவரே ஆக்கினார்.

1936இல் அவர் அமெரிக்கா சென்றார். பாசிசத்தினின்றும் தப்பிய கலைஞனுக்கு ஹொலிவூட் வழங்கியது யாது? பரமவுண்ட் நிறுவனம், வண்ணத்துக்கென்றே அவர் அமைத்த படத்தைக் கறுப்பு வெள்ளையில் வெளியிட முனைந்தது, அவர் விலகினார். பின்னர் வோல்ற் டிஸ்னியிடம் 'ஃபன்ராசியா' படத்திற் பாக்கின் இசைப்பகுதிக்குப் பணிபுரிந்தார். அவர் வரைந்த அருவ வடிவங்கள் மேகமாகவும் வயலினின் வில்லாகவும் அடையாளங்காணத் தக்கவாறு மாற்றப்பட்டன. 1940இற் படம் வெளிவந்தபோது அதில் அவர் பெயர் இடம்பெறவில்லை. அவர் அதற்கு முன்னரே அங்கிருந்து வெளியேறியிருந்தார். தணிக்கை அதிகாரி தடுத்ததையும் முதலாளி திருத்தியதையும் ஒரே தராசில் நிறுத்தல் தவறு; முன்னதில் உயிருக்கே ஆபத்து இருந்தது. ஆயினும் இரண்டிலும் ஓவியத்துக்கு நேர்ந்தது ஏறத்தாழ ஒன்றே.

அதன்பின் அவர் தனித்து ஆக்கிய 'அசையும் ஓவியம் எண் 1' 1947இல் நிறைவுற்றது. கண்ணாடி போன்ற பிளாஸ்ரிக் தகட்டில் எண்ணெய் வண்ணத்தால் ஒரு தீற்று, உடனே ஒரு படச் சட்டகம். அடுத்த தீற்று, அடுத்த சட்டகம். இவ்வாறு மாதக்கணக்கில் உழைத்து ஏறக்குறையப் பதினொரு நிமிடப் படமொன்றை அவர் முடித்தார். ஒரு விநாடிக்கு 24 சட்டகமெனக் கணக்கிட்டால் எண்ணிக்கை பதினையாயிரத்தைத் தாண்டும். புள்ளிகளும் சுருள்களும் படர்ந்து, பெருங்கட்டங்கள் அவற்றை மூடி, அவையும் பிறிதொன்றாக விரிகின்ற அப்படத்தை, ஒரு மனிதனின் உழைப்பே காட்சிப்பொருளாகும் படைப்பு என்று நாம் கருதுகின்றோம். உழைப்பைப் பற்றிப் பேசும் நாவல்கள் பலவற்றைவிட அது உழைப்பை நன்கு காட்டுகின்றது எனின் மிகையாகாது. 1949இற் பெல்ஜியத்தில் நடைபெற்ற பரிசோதனைத் திரைப்படப் போட்டியில் அது பெரும்பரிசு பெற்றது.

அரச ஆதரவு இக்கலைக்கு வேறொரு பாதையைத் திறந்ததையும் குறிப்பிடுதல் வேண்டும். நியூசிலாந்தரான லென் லை, படக் கமராவே இல்லாமற் செலுலோயிட் சுருளில் நேராக வண்ணந்தீட்டி 1935இல் 'வண்ணப்பெட்டி'யை ஆக்கினார். அதற்குப் பணம் கொடுத்தது பிரித்தானியத் தபால் திணைக்களத்தின் படப் பிரிவு. ஈற்றிற் பொதிகள் அனுப்பும் கட்டணம் குறைந்த செய்தி வரும். விளம்பரந்தான், எனினும் இலாபம் தேடும் முதலாளியின் பண்டத்துக்கன்றிப் பொதுச் சேவைக்கான விளம்பரம். கனடாவின் தேசிய திரைப்படச் சபையிற் பணியாற்றிய நோர்மன் மக்லரன், 1949இல் ஈவ்லின் லம்பார்ட்டுடன் சேர்ந்து ஒஸ்கார் பீற்றர்சனின் ஜாஸ் இசைக்கு வண்ணங்களை ஆடவிட்டார். அவரே 1952இற் போருக்கு எதிரான 'அயலவர்' படத்தையும் ஆக்கினார். யுனெஸ்கோவின் பணிக்காகச் சீனாவுக்கும் இந்தியாவுக்கும் சென்று, குறைந்த செலவிற் படம் ஆக்கும் முறைகளைக் கற்பித்தவரும் அவரே. அருவத்தில் ஈடுபட்டவன் மக்களை மறந்தவன் என்று சொல்வோர் மக்லரனை எங்கே வைப்பர்?

இனிக் கணினிக்கு வருவோம். அமெரிக்கரான ஜோன் விற்னி, உலகப் போரில் விமான எதிர்ப்புப் பீரங்கியைக் குறிபார்க்கப் பயன்பட்ட கணிப்புப் பொறியைப் போர்க்கழிவாக வாங்கி, அதனைச் சித்திரம் வரையும் இயந்திரமாக மாற்றினார். கொல்வதற்குச் செய்த பற்சக்கரங்கள் கோலம் போடத் தொடங்கின. ஹிச்சொக்கின் 'வேர்ட்டிகோ' (1958) படத்தின் தொடக்கத்திற் சுழலும் சுருள்கள் சோல் பாஸும் அவரும் சேர்ந்து செய்தவை. 1960இல் அவர் ஆரம்பித்த நிறுவனத்துக்கு 'மோஷன் கிராஃபிக்ஸ்' என்று பெயரிட்டார். இன்று உலகெங்கும் ஒரு தொழிலின் பெயராக வழங்குவது இத்தொடரே.

1993இல் அமெரிக்காவின் றோட் ஐலண்டில் ஒரு சிறு குழுவினர் 'ஆஃப்டர் எஃபெக்ட்ஸ்' என்னும் மென்பொருளை வெளியிட்டனர். அது கைமாறி அடுத்த ஆண்டில் அடோபி நிறுவனத்தின் உடைமையாயிற்று. எமது ஊர்களில் உயர்தரம் முடித்த இளைஞர் பலர் திருமண வீடியோ நிலையங்களிற் கற்றுக்கொள்வது இதனையும் இதுபோன்றனவற்றையுமே. அவர்கள் ஒரு பின்னணியை ஆக்கும் விதத்தைச் சுருங்கக் கூறுவோம். வெறுமையான லேயர் ஒன்று. அதன்மீது 'ஃபிரக்டல் நொய்ஸ்' என்னும் விளைவை இட்டதும் சாம்பல் நிற முகில் படர்கின்றது. மாறுபாட்டைக் கூட்டினால் முகில் பிளவுபடும். அகலத்தை மட்டும் பன்மடங்கு நீட்டினால் முகில் ஒளிக்கீற்றாகும். மேலே நீலம் பூசினாற் செய்தியறிக்கை. பொன்னிறம் பூசினாற் கலியாணம். 'எவலூஷன்' என்னும் எண்ணுக்குத் தொடக்கத்தில் ஒரு கீஃப்ரேமும் முடிவில் ஒரு கீஃப்ரேமும் வைத்துவிட்டால், இடையிலுள்ள அசைவைக் கணினி தானே நிரப்பிக்கொள்ளும். பத்து விநாடிக்கு 250 சட்டகங்கள். ஃபிஷிங்கருக்கு நாட்கணக்கான வேலை, எமது மாணவனுக்குத் தேநீர் ஆறுவதற்குள் முடியும் வேலை.

இம்முகிலுக்கும் ஒரு தந்தை உண்டு. 1982இல் வெளியான 'ட்ரோன்' என்னும் படத்திற் பணியாற்றிய கென் பேர்லின், கணினி ஆக்கும் உருவங்கள் யாவும் வழவழவென்று பொம்மைபோல் இருப்பதைக் கண்டு சலிப்புற்று, கல்லின் கரடும் புகையின் சுருளும் போன்ற இயற்கையின் ஒழுங்கற்ற ஒழுங்கைக் கணக்கினாற் பிறப்பிக்கும் வழியைக் கண்டார். கட்டங்களின் மூலைகளுக்குத் தற்செயலான சரிவுகளை வழங்கி, இடைவெளியை மென்மையாக இட்டுநிரப்பி, பெரிதும் சிறிதுமான பல அடுக்குகளை ஒன்றன்மேலொன்று கூட்டுவதே அவ்வழி. 1985இல் அதனை ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்ட அவருக்கு, 1997இல் அமெரிக்கத் திரைப்படக் கழகம் தொழில்நுட்ப விருது வழங்கியது. இன்று பின்னணியில் ஓடும் முகில்களிற் பெரும்பாலானவை இக்கணக்கின் வாரிசுகளே.

கருவி இத்துணை எளிதாகியதை நாம் குறைகூறவில்லை. அச்சியந்திரத்தைப் பழித்தவர்களின் வழிவந்தோர் அல்லர் நாம். ஏழை மாணவன் ஒருவன் பழைய கணினியொன்றில் இருந்துகொண்டு, ஒருகாலத்திற் சிலருக்கே வாய்த்த ஆற்றலைத் தன் கைக்குள் கொண்டுவருதல் மகிழத்தக்கதே. குறை வேறிடத்தில் உள்ளது.

பின்னணியை ஆக்குவோனுக்கு இடப்படும் முதற் கட்டளை, அது வளையமாக ஓட வேண்டும் என்பது. இறுதிச் சட்டகம் முதற் சட்டகத்தோடு தழும்பின்றிப் பொருந்துதல் வேண்டும். மென்பொருளில் இதற்கெனத் தனித் தெரிவே உண்டு. இரண்டாவது கட்டளை, முன்னால் நிற்கும் எழுத்தையோ ஆளையோ விஞ்சிக் கண்ணைக் கவரலாகாது என்பது. இவ்விரண்டையும் சேர்த்து நோக்குமிடத்து இக்கலையின் இன்றைய நிலை தெளிவாகும். தொடக்கமும் முடிவும் அற்றது, ஓயாமல் அசைவது, ஆனால் எதுவும் நிகழாதது. எக்கலிங்கின் வெண்கோட்டில் இருந்ததாக நாம் முன்னர்க் கூறிய நிகழ்ச்சி இங்கே திட்டமிட்டு அகற்றப்படுகின்றது. மாறிக்கொண்டேயிருப்பதான மயக்கம் உண்டு, மாற்றம் இல்லை. சந்தைக்கு இதைவிட வாய்ப்பான ஓவியம் வேறெது? எப்பண்டத்துக்குப் பின்னாலும் இதனை நிறுத்தலாம்.

நிறுத்தியும் இருக்கின்றனர். வெள்ளத்தில் இறந்தோர் தொகையை வாசிக்கும்போதும், கிரிக்கெற் முடிவை வாசிக்கும்போதும், அதிர்ஷ்டலாபச் சீட்டின் இலக்கத்தை அறிவிக்கும்போதும் பின்னால் ஓடுவது ஒரே நீலக் கோடுதான். துயரமும் கேளிக்கையும் வியாபாரமும் ஒரே வெளிச்சத்திற் குளிப்பாட்டப்படுகின்றன. இணையச் சந்தைகளில் இப்பின்னணிகள் துண்டு துண்டாக விற்பனைக்குக் கிடைக்கின்றன. வாங்குவோனுக்கு ஆக்கியவன் பெயர் வேண்டியதில்லை, ஆக்கியவனுக்குத் தன் ஆக்கம் எதன் பின்னால் ஓடப்போகின்றது என்பது தெரிவதில்லை. தன் உழைப்பின் விளைவினின்றும் உழைப்பாளி அந்நியப்படுதல் பற்றி நூல்களிற் படித்த எமது மாணவர்களுக்கு இதனினும் கண்கூடான எடுத்துக்காட்டைத் தருவதரிது.

மிகவும் வருந்தத்தக்கது, எமது இலக்கிய மேடைகளே இதற்கு இடங்கொடுத்துள்ளமை. அண்மைக் காலத்திற் கவியரங்குகளிலும் எல்.ஈ.டி. திரை வந்துவிட்டது. மலையகத் தொழிலாளியின் சம்பளத்தைப் பாடுகின்ற கவிஞருக்குப் பின்னாற் பொற்றுகள் மிதந்தால், சபையோர் கவிதையைக் கேட்பரா, துகளை எண்ணுவரா? மண்டபத்தை வாடகைக்கு எடுத்தபோது திரையும் சேர்ந்தே வந்தது என்று அமைப்பாளர் சொல்வர். திரையை அணைப்பதற்கும் ஒரு பொத்தான் உண்டு.

இவ்விடத்தில் எமது வாசலை ஒருகணம் நினைவுகூர்தல் பொருந்தும். புள்ளியிட்டு அதனைச் சுற்றிக் கோடு வளைத்துப் பெண்கள் இடுகின்ற கோலமும் அருவ ஓவியமே. அதன் ஆக்கமுறையில் உள்ள கணக்கை ஆராய்ந்து, சென்னைக் கிறித்துவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோன்மணியும் அவரோடு உழைத்தோரும் 1974இற் கணினியறிஞருக்கான கட்டுரையொன்றை வெளியிட்டனர். சில விதிகளைத் திரும்பத் திரும்பக் கையாண்டு பெருங்கோலத்தைப் பிறப்பிக்கலாம் என்பதை அவர்கள் காட்டினர். பேர்லினின் முகிலுக்கும் கோலத்துக்கும் இவ்வகையில் ஓர் உறவு உண்டு. இரண்டும் விதியிற் பிறப்பவை. ஆனாற் கோலம் இன்ன வீட்டு வாசலில், இன்ன நாளில், இன்னார் கையால் இடப்படுவது. துக்க வீட்டில் அது இடப்படுவதில்லை. இடமும் நாளும் அறிந்த அருவம் அது. பழமையைப் போற்றும் நோக்கில் நாம் இதனைக் கூறவில்லை. விடியுமுன் எழுந்து குனிந்து கோலமிடும் கடமை பெண்ணுக்கு மட்டும் ஏன் என்ற வினா தனியே விவாதிக்கப்பட வேண்டியதே.

இம்மென்பொருளைக் கற்கும் மாணவன் தன் ஆக்கத்தைப் பற்றிக் கேட்கத்தக்க வினாக்களும் இவையே: இது எதன் பின்னால்? எவ்வேளையில்? எத்தனை நிமிடம்? பாடசாலை நாடகமொன்றிற் கரையோரக் கிராமத்தைக் காட்ட வேண்டியிருக்கின்றது என்று வைத்துக்கொள்வோம். வாங்கிய கடற்காட்சியை ஒட்டலாம். அல்லது அதே சாம்பல் முகிலைக் கிடையாக நீட்டி, வண்ணமே பூசாது, மிக மெல்ல அசையவிடலாம். தந்தை கடலுக்குப் போய்த் திரும்பாத காட்சி வரும்போது அவ்வசைவை நிறுத்திவிடலாம். வளையம் அங்கே அறுபடும், பின்னணி நாடகத்தின் பாத்திரமாகும். இதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. கீஃப்ரேம் ஒன்று போதும்.

லென் லை 1958இல் ஆக்கிய 'சுதந்திர அணுக்கூறுகள்' என்னும் படத்தில் வண்ணமே கிடையாது. கரிய சுருளில் ஊசி முதலிய கூர்முனைகளாற் கீறிய வெண்கீறல்கள் ஆபிரிக்க மேளத்துக்கு அதிர்கின்றன. பின்னணியாக அதனை எங்கும் நிறுத்த முடியாது. முன்னால் நிற்பவரை அது விழுங்கிவிடும். அத்தகைய படங்களைப் பார்த்த கண்ணுக்கு நீலக் கோடு ஏன் சலிப்பூட்டுகின்றது என்பதை விளக்கவேண்டிய தேவை இராது.

எமது பாடசாலைகளின் தமிழ் மன்றங்களும் சித்திர மன்றங்களும் இவற்றைக் காட்டுவதற்குத் தடையேதும் இருப்பதாக நாம் கருதவில்லை. 'ஒளியாட்டம்' பதினொரு நிமிடமளவு ஓடும். 'மூலைவிட்டச் சிம்பொனி' ஏழு. 'வண்ணப்பெட்டி' நான்குக்கும் குறைவு. 'அசையும் ஓவியம்' பதினொன்று. நாற்பது நிமிடப் பாடவேளை ஒன்றுக்குள் நான்கும் அடங்கும். வாய்திறந்து பேசுவதற்கும் சில நிமிடங்கள் எஞ்சும். எக்கலிங்கின் படம் ஓடும்போது பின்வாங்கில் உள்ளோர் சிரிப்பர். அதற்காக இடையில் நிறுத்திவிட வேண்டாமென்று ஆசிரிய நண்பர்களைக் கேட்டுக்கொள்கின்றோம்.